மூன்றாவது தடவை

இன்னும் மூன்று பேர் பேசி முடிக்கவேண்டும், அதற்கப்புறம்தான் துரைக்கண்ணு. இப்போது மைக்கைப் பிடித்திருந்தவர் வர்த்தக சங்கத் தலைவர், ஆறு நாளாகக் கடைத்தெருவில் ஷட்டர் ஏறவில்லை என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லட்டும், மனுஷன் இன்னும் இழுத்து இழுத்துச் சொல்லட்டும், அவர் இழுக்கிற வரைக்கும் துரைக்கண்ணு தப்பித்தார். தாலுகா ஆபீஸ் புளியமரத்துக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆலங்கரையில் பொதுக்கூட்டம் என்றால் எப்போதும் இந்தத் திடல்தான், இதே மூங்கில் கால், இதே பலகை, நடக்கும்போது இதே இடத்தில் ஒரு பலகை தூக்கிக்கொடுக்கும். மேடையில் நடுநாயகமாக இரண்டு வெல்வெட் நாற்காலி, ஒன்றில் எதிர்க்கட்சி சௌரிராஜன், ஒன்றில் இவர். போன வாரம் இந்த இரண்டு பேருடைய ஆட்களும்தான் வேட்புமனு கொடுக்கிற இடத்தில் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அனைத்துக் கட்சி அமைதிக் கூட்டம், அதிகாரிகள் கூப்பிட்டுச் சொல்லி நடக்கிறது, இரண்டு தலைவர்களும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிடவேண்டும், போட்டோ எடுப்பார்கள். பின்னால் பேனரில் துரைக்கண்ணுவின் முகம் அண்டா சைஸுக்கு, கீழே ‘அமைதிச் செம்மல்’. கட்சியில் ஆளுக்கொரு பட்டம் உண்டு, இடிமுழக்கம், சூறாவளி, போர்வாள் என்று, இவருக்கு மட்டும் எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தானோ. முதல் வரிசையில், தாய்மார்கள் பக்கம், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கூடப்பிறந்த அக்கா. கூட்டம் ஆரம்பித்ததும் முதல் சால்வை அவளுக்குத்தான், எப்போதும் அப்படித்தான், தியாகி பரமுவின் தாயார். இந்தப் புழுக்கத்தில் அதைக் கழற்றாமல் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் பார், கழட்டி மடியில வையேன் அக்கா, யாரு உன்னைக் கேக்கப்போறா.

கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒரு தடவை ஊளையிட்டு அடங்கியது. மைக்கைக் குழாய்க்கு முகம் கொடுத்து வைத்தால் ஊளையிடத்தான் செய்யும், கொஞ்சம் திருப்பி வைடா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது துரைக்கண்ணுவுக்கு. என்ன தலைவரானால் என்ன, பழைய தொழில் உடம்பை விட்டுப் போகிறதா. இருபத்தாறு வயதுவரைக்கும் ‘அவர்’ எல்லாம் கிடையாது, ‘அவன்’தான், மைக்செட் துரை, ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிய அமிர்தலிங்கத்தின் மகன். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து என்று பார்த்தால் ஒரு தொண்டை, அவ்வளவுதான். வாடகை ஆட்டோவின் தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவான், சர்க்கஸ் வந்திருக்கிறது, கண் சிகிச்சை முகாம், நாளைக்கு மின்தடை, ஊதா கவுன் போட்ட குழந்தை காணவில்லை, மேலத்தெரு இன்னார் காலமானார். அதில் ஒரு கணக்கு உண்டு, எந்த அறிவிப்பானாலும் மூன்று தடவை சொல்லவேண்டும். முதல் தடவை சொன்னால் காது திரும்பும், என்னமோ சொல்றாம்ப்பா என்பார்கள். இரண்டாவது தடவைக்கு விஷயம் மண்டையில் ஏறும். மூன்றாவது தடவைக்குத்தான் கால் கிளம்பும். மூன்றாவது தடவை சொல்லாமல் போன எந்தச் சர்க்கஸுக்கும் கூட்டம் வந்ததில்லை. அவனே அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தான் அதை, யாரும் சொல்லித்தரவில்லை, எவ்வளவு கர்வமாக இருந்தது அப்போது. இன்றைக்கும் வீட்டில் உப்பு எடுத்து வா என்றால் மூன்று தடவை சொல்கிறார், ஒரு தடவை சொன்னா கேக்காதா எனக்கு, நான் என்ன செவிடா என்று பெண்டாட்டி கத்துகிறாள். மேடையில் மட்டும் எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார். ஒரு தடவைதான், மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுகிற மாதிரி. ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். என்ன நிதானம், என்ன பக்குவம் என்பார்கள்.

“அண்ணே.” முதுகுக்குப் பின்னால் சென்ட் வாசனையும் வியர்வையுமாக ஒரு மூச்சு. திரும்பாமலே தெரிந்தது, மதிவதனன், கட்சியின் இளைஞரணிச் செயலாளர், முப்பத்தோரு வயசு, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. “அண்ணே, பேசும்போது ஒரு வார்த்தை சேத்துக்கங்கண்ணே. யாரோ விஷமிகள் வதந்தியைக் கிளப்பிவிட்டுட்டாங்க, நம்ம பசங்க நம்பிட்டாங்கன்னு. யாரோன்னு சொன்னாப் போதும். இன்ஸ்பெக்டர் எதிர்லதான் நிக்கிறாரு, நீங்க சொன்னா அத்தோட விட்டுடுவாரு.” துரைக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினார். நம்ம வேட்பாளர் மனுவைக் கிழிச்சுட்டாங்க, எல்லாரும் ஓடியாங்க என்று போன வாரம் போனுக்குப் போன் பறந்ததே ஒரு குரல், அது மதியுடைய குரல். மனுவை யாரும் கிழிக்கவில்லை. அது அதிகாரியின் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அன்று ராத்திரியே மதி வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், கூட்டம் சேரட்டும்னுதாண்ணே சொன்னேன், அடிதடி ஆகும்னு நெனைக்கலண்ணே. எதிர்க்கட்சிப் பையன் அருள் என்று ஒருத்தன், பத்தொன்பது வயசு, பெரியாஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறான். பத்தொன்பது. பரமுவின் வயசு, வேறு வயசே கிடைக்கவில்லையா கடவுளே உனக்கு. கூட்டம் சேரட்டும்னுதான் என்று மதி சொன்னபோது துரைக்கண்ணுவுக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. போய்ப் படு, பாத்துக்கலாம் என்றார். அதுதான் நிதானம், அதுதான் பக்குவம், தூ.

வர்த்தக சங்கத்துக்காரர் உட்கார்ந்துவிட்டார். அடுத்தது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல வேளை, இவர் லேசில் விடமாட்டார். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஆரம்பித்து அவர்களே, அவர்களே என்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரை விட்டாலும் போச்சு, விடுபட்ட ஆள் ஆறு மாசத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டான், அதனால் பேசுகிறவன் கையில் துண்டுச்சீட்டு வந்துகொண்டே இருக்கும், துரைக்கண்ணுவின் கையிலும் இரண்டு சீட்டு இருந்தது. சட்டைப்பையில் பேச்சு எழுதின தாள். வெள்ளைச்சட்டை. வெள்ளைச்சட்டை என்றதும் அந்த நாள் எதிரில் வந்து நின்றுவிடும், இதுவும் வழக்கம்தான். அன்றைக்கும் வெயில் இப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்ததா? இல்லை, அது மத்தியானம், இரண்டு மணி இருக்கும், உள்ளாட்சித் தேர்தல், ஓட்டுப்போடுகிற நாள், ஆட்டோ கீழத்தெரு முனையில் வேப்பமரத்தடியில் நின்றது. ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கீழத்தெரு ஜனம் முக்கால்வாசி ஓட்டுப்போட வரவில்லை, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தது. கட்சியின் வேட்பாளர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து ஆட்டோவுக்குள் எட்டிப்பார்த்து, “என்னடா தொரை, இன்னைக்கி ஒன் தொண்டை வேலை செய்யலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்துவிட்டது. என் தொண்டை வேலை செய்யலையா, என் தொண்டையா? ஒரு சபாஷுக்குத்தான், கடவுள் சத்தியமாக வேறு எதற்கும் இல்லை, ஒரே ஒரு வாய் சபாஷுக்குத்தான். மைக்கை எடுத்தான். அன்பார்ந்த கீழத்தெருப் பெரியோர்களே தாய்மார்களே, அவசர அறிவிப்பு, அவசர அறிவிப்பு, பள்ளிக்கூடத்தில் நம் ஓட்டுப்பெட்டியைத் தூக்குகிறார்கள், உடனே வாருங்கள். முதல் தடவை ஒரு கதவு திறந்தது. இரண்டாவது தடவை நாலு கதவு. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம், நாலு கதவு போதாதா, நாலு வீட்டு ஓட்டு வந்திருக்குமே. நிறுத்தத் தெரியவில்லை. கை மைக்கை விடவில்லை, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, பழக்கதோஷம். மூன்றாவது தடவை தெருவே எழுந்து ஓடிற்று. ஓடுகிற கூட்டத்தைப் பார்த்து எதிர்க்கட்சிப் பக்கமான மேலத்தெருவும் ஓடிவந்தது, பள்ளிக்கூடத்து வாசலில் யார் எதற்கு வந்தோம் என்று கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. பெட்டி பெஞ்சின்மேல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வெளியே கல் பறந்தது.

தலைமையாசிரியர் ஏதோ சொல்லி ஜனம் கைதட்டியது, துரைக்கண்ணுவும் சேர்ந்து தட்டினார். தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வலது கை. மேடை ஏறுமுன் சொம்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதுதான், தலைவருக்குச் சுத்தம் முக்கியம் என்று ஆட்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், சுத்தமாவது ஒன்றாவது. ஆஸ்பத்திரி பெஞ்சில் பரமுவைக் கிடத்தியிருந்தபோது அவன் வலது கையில் கருவாட்டுக் குழம்பு காய்ந்திருந்தது. விரலிடுக்கில் இரண்டு சோற்றுப் பருக்கை. கீழத்தெரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவாமல் ஓடிவந்திருக்கிறான். இடது கையில், ஆள்காட்டி விரலில், காலையில் போட்ட முதல் ஓட்டின் மை. காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்னக் காயம், அவ்வளவு சின்னது, இதுக்கா உயிர் போச்சு என்று கேட்கும்படி. பரமுவுக்கு மூன்று வயசாக இருக்கும்போதே அக்கா புருஷன் போய்ச்சேர்ந்துவிட்டார், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது இவன்தான், மாமா மாமா என்று ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து மைக்கில் ஹலோ ஹலோ சொல்லுவான், தொண்டை என்னைப்போலவே வரும்போல இருக்கே என்று இவன் சந்தோஷப்படுவான். அந்தக் கையைத் துணியை நனைத்துத் துடைத்துவிட்டான் துரைக்கண்ணு. பருக்கை வந்துவிட்டது, குழம்பு மஞ்சள் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை, எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்குறாங்கன்னு உனக்கு யாருடா சொன்னது? அக்கா பக்கத்தில் சுவரில் சாய்ந்து, அழக்கூடத் தெரியாமல், இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்னத்தைச் சொல்வான்? யாரோ ஒருத்தர் சார், வெள்ளைச்சட்டை, சைக்கிள்ல வந்து சொல்லிட்டுப் போனாரு, மொகத்தைப் பாக்கல.

வெள்ளைச்சட்டை போடாதவன் எவன் ஆலங்கரையில்! போலீஸ் நாலு மாசம் தேடிவிட்டு விட்டுவிட்டது. அக்கா விடவில்லை. வருஷா வருஷம் பரமுவின் நினைவு நாளில் கொடிக்கம்பத்துக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், காப்பியை ஆற்றித் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஆரம்பிப்பாள். அந்த வெள்ளைச்சட்டக்காரன் வெளங்குவானா, அவன் நாக்கு அழுகிப்போவ, அவன் வீட்டுல அடுப்பு எரியுமா, அவன் பெத்ததும் இப்படி அரைச் சோத்துல எழுந்திரிச்சுப் போவட்டும். சாபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே காப்பியைக் குடிக்கவேண்டும், பாதியில் வைத்தால் காப்பி நல்லால்லையாடா தம்பி என்று கேட்பாள். துரைக்கண்ணுவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. அதற்கும் அக்காதான் கோயில் கோயிலாக நடந்தாள், தம்பிக்கு ஒரு குழந்தையைக் குடு ஆத்தா என்று. ஒரே வாயால் சாபமும் வேண்டுதலும், எந்த ஆத்தாதான் என்ன செய்வாள், ரெண்டில் எதைக் கேட்பது என்று குழம்பிப்போயிருப்பாள். நீ என்னடா பண்ணுவே, எவனோ சொன்னான், நீ நம்பிச் சொன்னே, ஒன்மேல என்ன தப்பு என்று எத்தனை தடவை அவரைத் தேற்றியிருக்கிறாள். தேற்றுவாள், அவள் அவரைத் தேற்றுவாள். அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டுக் கொடுத்தது, தியாகியின் மாமன் என்று. பரமு படத்தைப் பலகையில் ஒட்டி அக்கா கையில் கொடுத்து வீடுவீடாகக் கூட்டிக்கொண்டு போனார்கள், என் மகன் போயிட்டான், தம்பி ஒருத்தந்தான் மிச்சம், பாத்து ஓட்டுப் போடுங்க என்று அவள் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். ஜெயித்தார். ஜெயிக்காமல்? அன்றைக்கு மாலை கழுத்தில் விழுந்தபோது ஓடிப்போய்க் குளத்தில் விழலாமா என்று நினைத்தார், நினைத்தபடியே கைகூப்பிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அக்காவிடம் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று இருபத்தேழு வருஷம். முதல் வருஷம் அவள் செத்துப்போய்விடுவாள் என்று சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கு இருப்பதே நான் ஒருத்தன், என்னையும் பறிகொடுத்தால் தாங்குவாளா என்று சொல்லவில்லை. உண்மை அதுவும் இல்லை. அவளை விட்டால் தனக்கு யாரும் இல்லை, அதனால்தான் சொல்லவில்லை.

சௌரிராஜன் எழுந்து மைக்குக்குப் போய்விட்டார். அடுத்து இவர்தான். தாளைப் பிரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார், எல்லாம் பேசிப் பேசிப் பழகின வரிகள். காதால் கேட்டதை வாயால் சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில்கூட எழுதிவைத்திருக்கிறார்கள், அதே பள்ளிக்கூடம், அதே சுவர். தேர்தலில் தோற்றால் அஞ்சு வருஷம் கழித்து மறுபடியும் நிற்கலாம், பிள்ளையைத் தோற்றால் எந்தத் தேர்தலில் திருப்பி எடுப்பது. இதற்கு அழாத தாய்மார்கள் கிடையாது. மை வைத்த விரலால் கல்லை எடுக்காதே தம்பி. ஒரு தடவை பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து, மூட்டை தூக்குகிறவர் மகன், பள்ளிக்கூடம் தாண்டாதவர், ஜனநாயகத்தைப்பற்றி இவ்வளவு ஆழமாக எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். ஏதோ படிக்கிறதுதாம்மா என்றார். எந்தப் புத்தகத்தில் படித்தார்? ஒரு கையில் மை, ஒரு கையில் சோறு, அதைப் படித்தார். வன்முறை வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவர் சுற்றிவந்ததெல்லாம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சைத்தான், கிட்டே மட்டும் போனதில்லை. எல்லாம் நல்ல வரிகள், பொய் ஒன்றும் இல்லை, ஜனங்கள் நிஜமாகவே கேட்டார்கள், இரண்டு தேர்தல் ஒரு கல்லும் விழாமல் நடந்தது. அப்புறம் மதி ஒரு தடவை போனில் கத்தினான், எல்லாம் போயிற்று. ஏன் போகாது? யாரோ சொன்னாங்க என்றால் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று இந்த ஊருக்கு யார் கற்றுக்கொடுத்தது?

“அண்ணே, யாரோன்னு, மறந்துறாதீங்க” என்றான் மதி மறுபடியும். இந்தத் தடவை துரைக்கண்ணு திரும்பி அவனைப் பார்த்தார். ஷேவ் செய்யாத முகம், கண்ணுக்கடியில் கருப்பு, தூங்கி ஆறு நாள் ஆகியிருக்கும். இன்றைக்கு இவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், இன்ஸ்பெக்டர் போய்விடுவார், கல்யாணம் நடக்கும், பையன் கவுன்சிலர் ஆவான், அப்புறம் சேர்மன், நன்றாகப் பேசக் கற்றுக்கொள்வான், மெதுவாக, நிதானமாக. எங்காவது ஒரு முதல் வரிசையில் அருளின் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “ஒனக்குக் கை கழுவுற பழக்கம் வந்துருச்சாடா?” என்று கேட்டார். மதிக்குப் புரியவில்லை. “என்னண்ணே?” “ஒண்ணுமில்லை.” கீழே அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். ஹால்ஸ் மிட்டாய். தம்பி பேசப் போகிறான் என்றால் ஒன்றைப் பிரித்து மேடைக்குக் கொடுத்தனுப்புவாள், தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று. கை மாறிக் கை மாறி அது வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டாம் அக்கா, இன்றைக்கு இந்தத் தொண்டைக்கு எதுவும் செய்யாதே, போடுவதாக இருந்தால் கொஞ்சம் விஷம் போடு. அடுத்ததாக அமைதிச் செம்மல் என்று பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். விசில். எழுந்து நடந்தார், அந்தப் பலகை இதே இடத்தில் தூக்கிக்கொடுத்தது. மைக்கின் தலையைக் கையால் கொஞ்சம் திருப்பி வைத்தார், ஊளை நின்றது. சீட்டில் பத்தொன்பது பெயர், அவர்களே, அவர்களே. ஜனங்களைப் பார்த்தார், பிறகு ஒரே ஒரு நாற்காலியைப் பார்த்தார். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சீட்டைப் பார்த்து வாசித்தால் போதும், முதல் பெயரை வாசித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு அக்கா காப்பி ஆற்றித் தருவாள்.

“அக்கா” என்றார். கூட்டம், தாய்மார்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கைதட்டியது. பெயர் சொல்லாமல் ஆரம்பிக்கிறாரே என்று மேடையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன, தலைமையாசிரியர் சீட்டைச் சுட்டிக்காட்டிச் சைகை செய்தார். துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார், செருமினபோது அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ ஏறி வந்தது, பக்கத்து ஆளோடு பேசுகிற குரல் இல்லை, ஆட்டோவின் தலையிலிருந்து வருகிற குரல், அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. “அன்பார்ந்த ஆலங்கரைப் பெரியோர்களே, தாய்மார்களே. அவசர அறிவிப்பு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல ஓட்டுப்பெட்டியை யாரும் தூக்கல. சைக்கிள்ல எவனும் வரல. எவனும் எங்கிட்டச் சொல்லல. பொய்யா சொன்னது நான்தான். பரமுவைக் கொன்னது நான்தான்.” பின்வரிசையில் ஒருத்தன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான், அவனை யாரோ அடக்கினார்கள். இரண்டாவது தடவை சொன்னார், அதே வார்த்தை, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல். இப்போது விஷயம் ஏறியது, அவர் கண்ணெதிரே ஏறியது, நாற்காலி நாற்காலியாக முகங்கள் மாறின, இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், பின்னால் மதி ‘அண்ணே’ என்றான், பாதியில் அவன் குரல் உடைந்துபோயிற்று. மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. அன்பார்ந்த என்றதோடு நின்றுவிட்டது, மைக்கின் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், குழாயில் அவர் மூச்சு மட்டும் கரகரவென்று திடல் முழுக்கக் கேட்டது.

அஞ்சம்மாள் எழுந்தாள். ஓடிவருவாள், கன்னத்தில் அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று துரைக்கண்ணு காத்திருந்தார், அக்கா, அறை அக்கா, உன் கையால ஒரு அறை வாங்கிட்டா எனக்குப் போதும். அவள் மெதுவாகத்தான் வந்தாள், மூட்டுவலிக்காரி, மேடைக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். போலீஸ் கேட்ட அன்றைக்கு அவர் வாயைப் பார்த்தாளே, அதே பார்வை, அதற்கு மட்டும் வயசாகவில்லை. “மூணாவது தடவையும் சொல்லிடுங்க” என்றாள். சொல்லிடுங்க. பிறந்ததிலிருந்து வாடா தம்பி போடா தம்பி என்றவள். “ரெண்டு தடவை சொன்னப்பக்கூட அவன் எழுந்திரிக்கல. மாமா சும்மா கத்துதும்மான்னு சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டான். மூணாவதுக்குத்தான் எழுந்திரிச்சான். கை கழுவிட்டுப் போடான்னேன்.” சொல்லிவிட்டு அங்கேயே காத்துக்கொண்டு நின்றாள். துரைக்கண்ணு மைக்கைக் கிட்டே இழுத்து, மூன்றாவது தடவையும் சொன்னார், பிசிறு தட்டாமல், கீழத்தெரு முனைவரைக்கும் கேட்கும்படி. கடைசி வார்த்தைவரைக்கும் நின்று கேட்டாள் அஞ்சம்மாள். பிறகு போர்த்தியிருந்த சால்வையை எடுத்து, நாலாக மடித்து, மேடைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.